யூபிகோ செக்யூரிட்டி கீ: திருப்பூர் ஏற்றுமதி ஆபீஸில் எட்டு மாதம் பயன்படுத்திய பிறகு

பதினாலு பேர் கம்ப்யூட்டரில் உட்கார்ந்து வேலை பார்க்கும் எங்கள் ஆபீஸுக்கு முப்பது யூபிகோ செக்யூரிட்டி கீ, அதாவது மெயிலில் லாகின் செய்யும்போது செருகித் தொடும் சின்னச் சாவி, வாங்கி எட்டு மாதம் ஆகிவிட்டது. ஆளுக்கு இரண்டு, லாக்கரில் உபரியாக இரண்டு. வரி சேர்த்து ஒன்று நாலாயிரத்தை ஒட்டி வந்தது, மொத்தம் ஒரு லட்சத்து இருபதாயிரத்துக்குப் பக்கம். பென்டிரைவ் மாதிரி இருக்கிற, ஒரு ஃபைலைக்கூட வைத்துக்கொள்ள முடியாத ஒரு பொருளுக்கு இவ்வளவு பணமா என்று என்னைப் போல ஆபீஸ் சிஸ்டம் பார்க்கிற நண்பர்கள் ஈரோட்டிலிருந்தும் கரூரிலிருந்தும் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். கொடுக்கலாம், தாராளமாகக் கொடுக்கலாம். ஆனால் இது எந்தக் கதவைப் பூட்டுகிறது, எந்தக் கதவைத் தொடுவதே இல்லை என்பது தெரிந்து வாங்க வேண்டும்.

முதலில் இதை வாங்க வைத்த சம்பவம். போன வருஷம், ஆர்டர்களைக் கவனிக்கும் எங்கள் மெர்ச்சண்டைசர் ஒருவருக்கு, எங்களிடம் சரக்கு வாங்கும் வழக்கமான ஐரோப்பிய பையரின் முகவரியிலிருந்தே, திருத்திய டெக் பேக் (ஆடையின் அளவு, வடிவமைப்பு விவரங்கள்) என்று ஒரு லிங்க் வந்தது. முகவரி அசல் முகவரிதான், ஏனென்றால் திருடர்கள் ஏற்கெனவே பையரின் மெயில் பெட்டிக்குள் போய் உட்கார்ந்திருந்தார்கள். அன்றைக்கு சாம்பிள் கிளம்ப வேண்டிய கடைசி நாள், இரவு எட்டு மணி, கூரியர்காரர் வாசலில் நிற்கிறார். அந்த மெர்ச்சண்டைசர் தம்பி லிங்க்கை அழுத்தினான், மெயில் லாகின் பக்கம் வந்தது, பாஸ்வேர்டு போட்டான், போனுக்கு வந்த ஆறு இலக்க எண்ணையும் போட்டான். ஏதோ ஒரு பிடிஎஃப் திறந்தது, பழைய டெக் பேக் மாதிரி இருந்தது, மூடிவிட்டு வேலையைப் பார்க்கப் போய்விட்டான்.

மூன்று வாரம் எதுவும் நடக்கவில்லை. எங்களுக்கு அந்த பையரிடம் 30 சதவீதம் முன்பணம், மீதி பிஎல் (சரக்கு கப்பலில் ஏறியதற்கான ரசீது) நகல் போனதும் வரும். சரக்கு தூத்துக்குடியில் ஏறி, பிஎல் நகலை அனுப்பிய அதே மதியம், அதே மெயில் தொடரில், எங்கள் தம்பியின் பெயரிலேயே இன்னொரு பதில் போயிருக்கிறது: எங்கள் வங்கிக் கணக்கில் ஆடிட் நடக்கிறது, இந்த முறை மட்டும் இந்தக் கணக்குக்கு அனுப்புங்கள் என்று. தம்பி எழுதும் அதே அரைகுறை ஆங்கிலம், கடைசியில் போடும் அதே வணக்கம். பையர் பதில் எழுதினால் அது இன்பாக்ஸுக்கே வராதபடி ஒரு ஃபில்டரும் போட்டு வைத்திருந்தார்கள். மூன்று வாரமும் உட்கார்ந்து படித்திருக்கிறார்கள் என்பது அப்புறம்தான் புரிந்தது. பையரின் கணக்குப் பிரிவில் இருக்கும் ஒரு அம்மா, வங்கி வேறு நாட்டில் இருக்கிறதே என்று போன் போட்டுக் கேட்டதால் பணம் தப்பித்தது. அவருக்குத் தீபாவளிக்கு ஒரு பெட்டி நிறைய டீ ஷர்ட் அனுப்பினார் எங்கள் முதலாளி. இந்த மாதிரி மெயில் மோசடியில் போனதாக 2023-ல் மட்டும் அமெரிக்க எஃப்பிஐக்கு வந்த புகார்களின் தொகை 290 கோடி டாலர். எல்லோருக்கும் போன் போட்டுக் கேட்கும் அம்மா கிடைப்பதில்லை.

இதில் அந்தத் தம்பியைத் திட்ட எனக்கு மனசு வரவில்லை, இன்றைக்கும் வரவில்லை. தெரியாத லிங்க்கை அழுத்தாதே என்று நான்தான் அதற்கு முன்பு எல்லோரையும் உட்கார வைத்து இரண்டு மணி நேரம் வகுப்பெடுத்தேன், சுவரில் போஸ்டரும் ஒட்டினேன். ஆனால் லிங்க்கை அழுத்துவதுதான் ஒரு மெர்ச்சண்டைசரின் வேலை. ஒரு நாளைக்கு நூறு மெயில், அதில் பாதியில் இணைப்பு, இதில் இரவு எட்டு மணிக்கு வரும் ஒன்றின் லிங்க்கில் ஒரு எழுத்து மாறியிருப்பதைக் கண்டுபிடி என்று ஒரு மனுஷனிடம் கேட்பதே நியாயமில்லை. அவன் களைத்துப்போகிற நேரத்திலும் ஏமாறாத ஒரு பொருள் வேண்டும் என்று தேடினேன், அப்படித்தான் இது கிடைத்தது.

இது வேலை செய்யும் விதத்தைப் புரிந்துகொண்டால் பாதி சந்தேகம் போய்விடும். ஒரு தளத்தில் இந்தச் சாவியை முதன்முதலாகப் பதியும்போது, அந்தத் தளத்துக்கென்றே ஒரு ஜோடித் திறவுகோல் சாவிக்குள் பிறக்கிறது. ரகசியப் பாதி சாவியை விட்டு வெளியே வரவே வராது, மறுபாதி மட்டும் தளத்துக்குப் போகிறது. அடுத்த முறை லாகின் செய்யும்போது, இப்போது திறந்திருக்கும் பக்கத்தின் முகவரி எது என்பதை பிரவுசரே சாவியிடம் சொல்லும். அந்த முகவரிக்கு உரிய திறவுகோல் இருந்தால், நாம் அந்தத் தங்க நிற வட்டத்தைத் தொட்டதும் கையெழுத்துப் போட்டுக் கொடுக்கும். போலிப் பக்கம் அசலைப் போலவே அச்சு அசலாக இருந்தாலும் முகவரி வேறு, அந்த முகவரிக்குக் கொடுக்க சாவியிடம் எதுவும் இல்லை. கண்ணால் பார்த்து முடிவு செய்யும் வேலையே நமக்கு இல்லை. ஓடிபி அப்படியில்லை, அது வெறும் ஆறு எண், நாம் போலிப் பக்கத்தில் போட்டால் திருடன் அடுத்த நொடியே அசல் பக்கத்தில் போட்டுவிடுவான். எங்கள் தம்பிக்கு நடந்தது அதுதான். ஆத்தென்டிகேட்டர் ஆப்பில் முப்பது நொடிக்கு ஒருமுறை மாறும் எண்ணுக்கும் இதே கதிதான். போனில் வந்து ஆமாம் இல்லை என்று கேட்கும் முறையும் அவ்வளவு பத்திரமில்லை: 2022 செப்டம்பரில் ஊபர் நிறுவனத்துக்குள் புகுந்தவன், ஒரு ஒப்பந்த ஊழியரின் போனுக்கு அந்தக் கேள்வியை விடாமல் அனுப்பித் தொல்லை கொடுத்து, கடைசியில் வாட்ஸ்அப்பில் ஐடி ஆள் என்று சொல்லி ஆமாம் போட வைத்துவிட்டான்.

இதெல்லாம் விளம்பரப் பேச்சா என்று எனக்கும் சந்தேகம் இருந்தது, அதைத் தீர்த்தது கிளவுட்ஃப்ளேர் சம்பவம். 2022-ல் அந்த நிறுவனத்தின் ஊழியர்கள் குறைந்தது 76 பேருக்குப் போலி எஸ்எம்எஸ் போனது, மூன்று பேர் ஏமாந்து பாஸ்வேர்டைப் போட்டும் விட்டார்கள். இணையப் பாதுகாப்பே தொழிலாக இருக்கிற நிறுவனம் அது, அங்கேயே மூன்று பேர். ஆனால் ஊழியர்கள் எல்லோரிடமும் இந்த மாதிரி சாவி இருந்ததால் அந்த பாஸ்வேர்டை வைத்துக்கொண்டு உள்ளே நுழைய முடியவில்லை. கூகுளும் 2017 தொடக்கத்திலிருந்து தன் 85,000-க்கு மேற்பட்ட ஊழியர்களுக்கு இதைக் கட்டாயமாக்கி, அதற்கப்புறம் ஒரு வேலைக் கணக்குகூட போலிப் பக்கம் வழியாகக் களவு போகவில்லை என்று 2018-ல் சொன்னது. சரி, அவர்களுக்கு உதவியது பதினாலு பேர் ஆபீஸுக்கும் உதவும் என்று முடிவு செய்தேன்.

இனி பொருளைப் பற்றி. நான் வாங்கியது யூபிகீ 5 வரிசை இல்லை, அதைவிட விலை குறைந்த செக்யூரிட்டி கீ என்எஃப்சி. இதில் ஃபிடோ எனப்படும் லாகின் முறை மட்டும்தான் இருக்கிறது, 5 வரிசையில் இருக்கும் மற்ற வசதிகள் கிடையாது. மெயிலைப் பூட்டுவதற்கு அவை தேவையும் இல்லை, அதனால் பெரும்பாலான சின்ன ஆபீஸ்களுக்கு இதுவே போதும் என்பது என் கருத்து. பேட்டரி கிடையாது, டிரைவர் போட வேண்டாம், போர்ட்டில் செருகித் தொட்டால் சரி, போனென்றால் பின்பக்கம் ஒட்டிப் பிடித்தால் போதும். டிஎஸ்சி டோக்கனோடு, அதாவது டிஜிட்டல் கையெழுத்துப் போடும் யுஎஸ்பியோடு, மல்லுக்கட்டியவர்களுக்கு இது எவ்வளவு பெரிய நிம்மதி என்று தெரியும். சுங்கத்துறையின் ஐஸ்கேட் தளத்துக்கும் வெளிநாட்டு வர்த்தகத் துறையின் டிஜிஎஃப்டி தளத்துக்கும் அந்த டோக்கனைச் செருகி, டிரைவர் வேலை செய்யாமல், பிரவுசரை மாற்றி, சான்றிதழ் காலாவதியாகி, எத்தனை சாயங்காலம் போயிருக்கிறது. இதற்குக் காலாவதித் தேதி கிடையாது. அதே சமயம் இது டிஎஸ்சிக்கு மாற்று இல்லை, இதை வைத்து சுங்கத்துக்குக் கொடுக்கும் ஷிப்பிங் பில்லில் கையெழுத்துப் போட முடியாது, இரண்டும் வேறு. எங்கள் முதலாளிக்கு இதை விளக்க எனக்கு ஒரு முழு மதியம் ஆனது.

வாங்கிய முதல் வாரம் சிரமமான வாரம், அதை மறைக்க மாட்டேன். கணக்குப் பிரிவு, முதலாளி, அட்மின் கணக்கு என்று பணத்தைத் தொடுகிறவர்களிடம் முதலில் ஆரம்பித்தோம். எங்கள் அக்கவுண்ட்ஸ் அக்கா சாவியைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இதை வீட்ல வெச்சுட்டு வந்துட்டா அன்னிக்கு நான் வேலையே பாக்க முடியாதுங்களா தம்பி?" என்று கேட்டார். அது மிகச் சரியான கேள்வி, அதற்குப் பதில் இல்லாமல் யாரும் இதைக் கட்டாயமாக்கக் கூடாது. எங்கள் பதில்: ஒன்று உங்கள் கையில், இன்னொன்று உங்கள் பெயர் எழுதிய கவரில் ஆபீஸ் லாக்கரில், இரண்டையும் ஒரே நாளில் பதிந்துவிட வேண்டும். அப்புறம் எங்கள் ஆபீஸ் மெயில் இருக்கும் கூகுள் வொர்க்ஸ்பேஸில் அட்மின் நினைத்தால் ஒருவருக்குத் தற்காலிக பேக்கப் கோடு எடுத்துக் கொடுக்கலாம், அதுவும் இருக்கிறது. அக்கா சாவியை வீட்டுச் சாவிக்கொத்தில் கோத்துக்கொண்டார், எட்டு மாதத்தில் ஒரு நாள்கூட மறக்கவில்லை. அடையாள அட்டைக் கயிற்றில் மாட்டிக்கொண்டவர்களில்தான் இரண்டு பேர் மறந்தார்கள்.

ஒருவர் தொலைத்தும் விட்டார், அவினாசி பஸ்ஸில். காலையில் வந்து முகம் வெளுத்து நின்றார். அட்மின் பக்கத்தில் அந்தச் சாவியை அவர் கணக்கிலிருந்து நீக்க இரண்டு நிமிடம், லாக்கர் கவரைப் பிரித்து மாற்றுச் சாவியைக் கொடுக்க ஒரு நிமிடம். எடுத்தவருக்கு அது யாருடைய எந்தக் கணக்கின் சாவி என்று தெரியாது, பின் எண்ணும் வேண்டும், பின்னை எட்டு முறை தப்பாகப் போட்டால் சாவி பூட்டிக்கொள்ளும், அப்புறம் உள்ளே இருப்பதை அழித்துவிட்டுத்தான் மறுபடி பயன்படுத்த முடியும். இந்த எட்டு முறை விஷயத்தை உங்கள் ஆட்களுக்கும் சொல்லி வையுங்கள், மறந்த பின்னை ஊகித்து ஊகித்துப் போடுகிற பழக்கம் எல்லோருக்கும் இருக்கிறது.

நான் எதிர்பார்க்காத பலன் ஒன்று. எங்களிடம் ஆபீஸ் பொது மெயில் ஒன்றும், டாக்குமென்டேஷன் மெயில் ஒன்றும் இருந்தன, ஒவ்வொன்றையும் ஐந்து பேர் ஒரே பாஸ்வேர்டில் திறப்பார்கள், அந்த பாஸ்வேர்டு ஒரு டைரியில் இருக்கும், வேலையை விட்டுப் போனவர்களுக்கும் தெரியும். சாவி வந்ததும் இது நடக்காமல் போனது, ஒரு சாவியை ஐந்து பேர் மேசை மேசையாகக் கொண்டு போக முடியாது. வேறு வழியில்லாமல் அந்தப் பெட்டிகளை அவரவர் சொந்தக் கணக்கிலிருந்து பார்க்கும்படி அனுமதி கொடுத்து மாற்றினோம். அப்போதுதான் யாருக்கு எது தெரிய வேண்டும் என்று முதன்முறையாக உட்கார்ந்து யோசித்தோம். டிஸ்பேட்ச் பார்க்கிறவருக்கு விலைப்பட்டியல் எதற்கு? பேட்டர்ன் மாஸ்டருக்கு வங்கிக் கடிதம் எதற்கு? மூன்று வருஷம் முன்பு போனவரின் கணக்கு இன்னும் உயிரோடு இருந்ததையும் அன்றைக்குத்தான் பார்த்தோம். 2021 மே மாதம் அமெரிக்காவில் கொலோனியல் பைப்லைன் என்ற எரிபொருள் குழாய் நிறுவனம் சில நாள் நின்றுபோனதே, யாரும் பயன்படுத்தாமல் கிடந்த ஒரு விபிஎன் (வெளியிலிருந்து ஆபீஸ் நெட்வொர்க்குக்குள் நுழையும் வழி) கணக்கின் பாஸ்வேர்டு வழியாகத்தான் உள்ளே போனார்கள், அதற்கு இரண்டாவது பூட்டே இல்லை. திருடர்களுக்குப் பிணைப்பணமாக 44 லட்சம் டாலர் கொடுத்தார்கள். எங்கள் பழைய கணக்கை மூடும்போது அந்தச் செய்திதான் ஞாபகம் வந்தது.

இன்னொரு விஷயத்தை அழுத்திச் சொல்ல வேண்டும். சாவியைப் பதிந்துவிட்டு எஸ்எம்எஸ் ஓடிபியையும் அப்படியே விட்டு வைத்தால் வாங்கிய பணம் பாதி வீண். திருடன் சாவி வேண்டாம், வேறு வழி காட்டு என்று கேட்பான், தளமும் எஸ்எம்எஸ் அனுப்பும். வொர்க்ஸ்பேஸ் அட்மினில் செக்யூரிட்டி கீ மட்டும் என்று ஒரு தேர்வு இருக்கிறது, எல்லோரும் இரண்டு சாவியையும் பதிந்த பிறகு அதைப் போட்டுவிடுங்கள். பிரிவு பிரிவாகப் போடலாம், எல்லோரையும் ஒரே நாளில் தள்ள வேண்டாம். மெயிலோடு எப்போதோ இணைத்து மறந்துபோன ஆப்களின் அனுமதியையும் அன்றே ரத்து செய்யுங்கள்.

சரி, குறைகள். சாவிக்குள் இருக்கும் மென்பொருளைப் புதுப்பிக்கவே முடியாது, பாதுகாப்புக்காக வேண்டுமென்றே அப்படிச் செய்திருக்கிறார்கள். ஆனால் 2024 செப்டம்பரில் சாவிக்குள் இருக்கும் இன்ஃபினியான் நிறுவன சிப்பின் குறியாக்க நிரலில் ஒரு ஓட்டை வெளியானபோது, 5.7-க்கு முந்தைய பதிப்புகளுக்கு மருந்தே இல்லை, புதுச் சாவிதான் வாங்க வேண்டும் என்றாகிவிட்டது. அந்த ஓட்டையைப் பயன்படுத்த சாவி கையில் கிடைக்க வேண்டும், விலை உயர்ந்த கருவிகளும் வேண்டும், எங்களைப் போன்ற ஆபீஸுக்கு அது பயப்படும் விஷயமில்லை. இருந்தாலும் பழைய ஸ்டாக்கை யாரும் தலையில் கட்டிவிடாமல் பதிப்பு எண்ணைக் கேட்டு வாங்குங்கள், 5.7 அல்லது அதற்கு மேல். அசல்தானா என்று சோதிக்க யூபிகோ தளத்திலேயே ஒரு பக்கம் இருக்கிறது, வந்த அன்றே ஒவ்வொன்றையும் செருகிப் பார்த்துவிடலாம்.

எனக்குப் பெரிய வருத்தம் சாவியின் மேல் இல்லை, எங்கள் வங்கியின் மேல்தான். எந்தக் கணக்கைக் காப்பாற்ற இவ்வளவும் செய்தோமோ அந்தக் கம்பெனிக் கணக்கின் நெட்பேங்கிங்கில் இந்தச் சாவியைப் பதியவே வழியில்லை, இன்னும் போனுக்கு ஓடிபிதான். கிளையில் கேட்டேன், அப்படி ஒரு பொருள் இருப்பதே அங்கே யாருக்கும் தெரியவில்லை. ரிசர்வ் வங்கி எல்லா வங்கிகளையும் 2025 அக்டோபர் 31-க்குள் பேங்க்.இன் என்று முடியும் முகவரிக்கு மாறச் சொன்னது நல்ல காரியம், போலி வங்கித் தளத்தைப் பிரித்தறிய அது உதவும். ஆனால் அதையும் ஒரு மனுஷன் கண்ணால் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டியிருக்கிறது. சாவியை ஏற்றுக்கொண்டால் அந்தப் பாரமே இருக்காது.

அப்புறம் இது தொடாத கதவுகள். கிராக் செய்த டிசைன் சாஃப்ட்வேரோடு ஒட்டிக்கொண்டு வரும் மால்வேர் என்ற திருட்டு நிரல், ஏற்கெனவே லாகின் ஆகியிருக்கும் பிரவுசரின் குக்கீயை, அதாவது லாகின் ஆனதற்கான அடையாளச் சீட்டை, திருடிக்கொண்டு போனால் சாவி எதுவும் செய்ய முடியாது, கதவைத் திறந்து உள்ளே போன பிறகு நடக்கும் திருட்டு அது. அதனால் டிசைன் பிரிவில் இருந்த கிராக் எல்லாவற்றையும் எடுத்துவிட்டு உரிமம் வாங்கினோம், சாவிகளைவிட அதற்குத்தான் அதிகம் செலவானது. ரேன்சம்வேர் வந்து ஃபைல்களைப் பூட்டினாலும் சாவி உதவாது. 2022 நவம்பரில் டெல்லி எய்ம்ஸில் நடந்ததே, நோயாளிப் பதிவெல்லாம் கையால் எழுதும் நிலைக்குப் போய் இரண்டு வாரம் போல ஆனது சரியாக. அதற்கு பேக்கப்தான், அதிலும் ஒன்றாவது நெட்வொர்க்கோடு ஒட்டாமல் தனியாக இருக்க வேண்டும், எடுத்ததை அவ்வப்போது திரும்ப ஏற்றியும் பார்க்க வேண்டும். நாங்கள் மாதம் ஒருமுறை ஒரு பழைய ஆர்டரின் ஃபோல்டரைத் திரும்ப எடுத்துப் பார்க்கிறோம், முதல் தடவை பாதி ஃபைல் வரவில்லை.

எல்லாவற்றையும்விட முக்கியமானது, பையரின் மெயில் பெட்டி திருட்டுப் போனால் எங்கள் சாவி அதைத் தடுக்காது. எங்கள் கதையே அங்கேதானே ஆரம்பித்தது. அதற்காக ஒரு வழக்கம் வைத்திருக்கிறோம், காசே செலவில்லை: வங்கி விவரம் மாறுகிறது என்று எந்தப் பக்கத்திலிருந்து மெயில் வந்தாலும், அந்த மெயிலில் இருக்கும் எண்ணுக்கு இல்லாமல், ஏற்கெனவே எங்களிடம் இருக்கும் எண்ணுக்குப் போன் போட்டுக் குரலைக் கேட்டுத்தான் மாற்றுவோம். முதலாளியே மெயில் அனுப்பினாலும் அக்கா அவருக்குப் போன் போடுவார், அவரும் கோபித்துக்கொள்வதில்லை. இதே விதியை எல்லா பையருக்கும் எழுதி அனுப்பி, எங்கள் இன்வாய்ஸிலும் ஒரு வரி அச்சடித்துவிட்டோம். இரண்டு பையர் பாராட்டி பதில் எழுதினார்கள்.

ஒருவேளை ஏதாவது நடந்துவிட்டால் யாருக்குச் சொல்வது என்பதையும் அதே தாளில் எழுதி அக்கா மேசைக் கண்ணாடிக்கு அடியில் வைத்திருக்கிறோம். பணம் போயிருந்தால் உடனே சைபர் மோசடி உதவி எண் 1930, கூடவே வங்கி. இந்திய அரசின் இணையப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் 2022 ஏப்ரலில் போட்ட உத்தரவுப்படி இப்படிப்பட்ட ஊடுருவலைத் தெரிந்த ஆறு மணி நேரத்துக்குள் அவர்களுக்குத் தெரிவிக்க வேண்டும், லாகுகளையும் (கணினியில் யார் எப்போது என்ன செய்தார் என்ற பதிவுகள்) 180 நாள் வைத்திருக்க வேண்டும். போன வருஷம் எங்களுக்கு இதெல்லாம் தெரியவே தெரியாது.

பாஸ்வேர்டுக்குப் பதிலாகப் போனையே சாவியாக்கும் பாஸ்கீ போனிலேயே இலவசமாக வருகிறதே, எதற்குத் தனியாகச் சாவி என்று கேட்பவர்களுக்கு: அதுவும் போலிப் பக்கத்தில் ஏமாறாது, ஒரே ஆள் நடத்தும் தொழிலுக்கு அதுவே போதும். எங்கள் ஆட்களுக்கு ஆபீஸ் போன் கிடையாது, சொந்தப் போனைப் பிள்ளைகளும் எடுத்து விளையாடுவார்கள், வருஷத்துக்கு ஒருமுறை எக்ஸ்சேஞ்சில் போய்விடும். ஆபீஸ் சாவி ஆபீஸுக்குச் சொந்தமாக இருக்கட்டும் என்று நினைத்தேன். பட்ஜெட் இல்லையென்றால் கணக்குப் பிரிவு, முதலாளி, இரண்டு அட்மின் கணக்கு, இவர்களுக்கு மட்டும் ஆளுக்கு இரண்டு வாங்கி ஆரம்பியுங்கள். ஒன்றே ஒன்று வாங்காதீர்கள், அது தொலைகிற அன்று சாவி முறையையே எல்லோரும் வெறுத்துவிடுவார்கள்.

நாங்கள் அடுத்த மாதம் பல்லடம் யூனிட்டில் இருக்கும் ஆறு பேருக்கு வாங்குகிறோம். இந்த முறை சி போர்ட் சாவி, ஏனென்றால் அங்கே பாதிப் பேர் போனில்தான் மெயில் பார்க்கிறார்கள், ஒட்டிப் பிடித்து இடம் தேடுவதைவிட நேராகச் செருகுவது அவர்களுக்குச் சுலபமாக இருக்கிறது. சொல்லிக்கொடுக்க இந்தத் தடவை அக்காவே வருகிறேன் என்று சொல்லியிருக்கிறார்.